சுழி பார்க்கும் கண் குளம்புக்கும் இறங்க வேண்டும்

நம் நாட்டில் குதிரை வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது சுழியை. நெற்றியில் எத்தனை, மார்பில் எந்த இடம், சேணம் விழும் முதுகில் ஏதாவது இருக்கிறதா என்று ரோமத்தை விரலால் ஒதுக்கிப் பார்த்த பிறகுதான் விலை பேச உட்காருவார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தையிலும் சுழிப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. இந்தக் கூர்ந்த பார்வையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. சொல்ல வந்தது வேறு. குட்டி கருவில் இருக்கும்போதே சுழி அமைந்துவிடுகிறது; சாகும்வரை மாறாது. மாறாது என்பதால்தான் பந்தயக் குதிரைகளின் அடையாளச் சீட்டில் அதைக் குறித்து வைக்கிறார்கள். ஆனால் மாறாத ஒன்று, போன கோடையில் அந்தக் குதிரைக்குக் காய்ச்சல் வந்ததா, அது என்ன தின்றது, எத்தனை நாள் கட்டிக் கிடந்தது என்று எப்படிச் சொல்லும்? அதைச் சொல்லக்கூடிய உறுப்பு நாலு காலின் அடியிலும் இருக்கிறது. குளம்பைச் சுற்றி ஓடும் வளைய மேடுகளைச் சொல்கிறேன். அவற்றில் நோய்க்குச் சான்று இருக்கிறது. அந்தச் சான்று வளையங்களைவிட வளையங்களுக்கு இடையே உள்ள அகலத்தில்தான் இருக்கிறது. குதிரை நொண்டத் தொடங்கும் முன்பே பல வேளை அது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இதைத்தான் இன்று நிறுவ முயல்கிறேன்.

குளம்பு வளரும் விதம் புரிந்தால் மற்றவை தானே விளங்கும். காலின் ரோமம் முடிந்து கொம்புப் பகுதி தொடங்கும் இடத்தில், தொட்டால் சற்று மெத்தென்று ஒரு விளிம்பு இருக்கும். குளம்பின் சுவர் அங்கேதான் உற்பத்தியாகிறது. விளிம்புக்கு உள்ளே இரத்தம் நிறைந்த திசுவிலிருந்து ஆயிரக்கணக்கான நுண்ணிய காம்புகள் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு காம்பைச் சுற்றியும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆன மெல்லிய குழல் ஒன்று உருவாகி, கீழே தள்ளப்பட்டுக்கொண்டே வருகிறது. நம் நகமும் முடியும் இதே வகைப் புரதம்தான். வளர்ந்த குதிரைக்குக் குளம்பு மாதம் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை இறங்கும். முன்புறச் சுவர் முழுவதும் புதிதாவதற்கு 9 முதல் 12 மாதம் பிடிக்கும். குதிப்புறச் சுவர் குட்டையானது, அதற்கு 4, 5 மாதம் போதும். வெளியே வந்துவிட்ட கொம்பில் இரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை. உருவான நாளில் எப்படி இருந்ததோ அப்படியே தரையை நோக்கி இறங்கும். விளிம்பில் சில நாள் உற்பத்தி தளர்ந்தால் அந்த இடம் பள்ளமாகவும், மீண்டும் வேகம் பிடித்தால் மேடாகவும் நின்றுவிடும். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. தண்டில் மட்டை விழுந்த வடுக்கள் ஓரிடத்தில் நெருங்கிக் கிடந்தால், அந்தக் காலத்தில் மரம் தண்ணீருக்குத் தவித்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

மனித மருத்துவத்தில் இதற்கு நேர் ஒப்புமை உண்டு. 1846இல் போ என்ற பிரெஞ்சு மருத்துவர், கடும் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்களின் நகங்களில் குறுக்காக ஒரு பள்ளம் தோன்றுவதை விளக்கினார். இன்றும் அந்தக் கோட்டுக்கு அவர் பெயர்தான். கைவிரல் நகம் மாதம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. பள்ளம் நகத்தின் அடியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்தால் நோய் வந்த காலத்தைக் கணக்கிடலாம். குதிரைக் குளம்பிலும் அதே கணக்குத்தான். மேல்விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் கீழே ஒரு பள்ளம் ஓடுகிறது, அந்தக் குதிரைக்கு மாத வளர்ச்சி 8 மில்லிமீட்டர் என்றால், சம்பவம் நடந்து ஏறக்குறைய நாலு மாதம் ஆகிறது. பள்ளம் நாலு குளம்பிலும் ஒரே உயரத்தில் இருந்தால் அது உடல் முழுவதையும் தாக்கிய ஒன்று: காய்ச்சல், பிரசவம், நெடும்பயணம், திடீரென்று மாறிய தீனி. ஒரே குளம்பில் மட்டும் இருந்தால் அந்தக் காலுக்கு மட்டும் நேர்ந்தது: விளிம்பில் பட்ட அடி, உள்ளே கட்டிய சீழ். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தாலே கேட்க வேண்டிய கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடும்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். வளையம் இல்லாத குதிரையே கிடையாதே, பிறகு எதை நோய் என்பது? நியாயமான கேள்வி. பசும்புல் தழைக்கும் பருவத்தில் குளம்பு வேகமாக வளரும், குளிரில் மெதுவாகும். அந்த ஏற்றத்தாழ்வே மெல்லிய வளையங்களைத் தந்துவிடும். ஆகவே வளையம் இருக்கிறது என்பதற்காகப் பயப்பட வேண்டியதே இல்லை. பார்க்க வேண்டியது, பக்கவாட்டில் நின்று, ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் உள்ள அகலத்தை முன்புறத்திலிருந்து குதிப்புறம்வரை கண்ணால் தொடர்வது. அகலம் எங்கும் ஒன்றாக, வளையங்கள் தண்டவாளம்போல் இணையாக ஓடினால், விளிம்பு முழுவதும் ஒரே சீராக வேலை செய்திருக்கிறது. உடல் ஏதோ ஒரு மாற்றத்தைச் சந்தித்துக் கடந்திருக்கிறது. முன்புறத்தில் நெருங்கி, குதிப்புறம் போகப் போக விசிறிமடிப்புபோல் விரிந்தால், முன்புறத்தில் வளர்ச்சி தடைபட்டிருக்கிறது. குதிப்புறத்தில் அது தடையில்லாமல் நடந்திருக்கிறது. ஒரே குளம்பின் இரண்டு பகுதிகள் இரண்டு வேகத்தில் வளர்வதற்குச் சாதாரணப் பருவமாற்றம் காரணமாக முடியாது.

காரணத்தைத் தேட உள்ளே போக வேண்டும். குளம்புக்குள் இருக்கும் கடைசி எலும்பு தரையில் ஊன்றி நிற்பதில்லை; சுவரின் உட்புறத்திலிருந்து தொங்குகிறது. சுவரின் உள்முகத்தில் 550 முதல் 600 வரை செங்குத்தான மெல்லிய இதழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட துணை இதழ்கள் கிளைக்கின்றன. எலும்பின் மேலுள்ள திசுவிலும் அதேபோன்ற இதழ்கள். இரண்டும் காளானின் அடிப்பக்க மடிப்புகளைக் கோத்துவிட்டதுபோல் பின்னிக்கொண்டிருக்கின்றன. 400, 500 கிலோ எடையுள்ள விலங்கு, அதிலும் பாதிக்கு மேலான பாரம் முன்கால்களில், இந்தப் பிடிப்பில்தான் நிற்கிறது, ஓடுகிறது, தாண்டுகிறது. இதைவிட வியப்பான அமைப்பு ஒன்றைப் பாலூட்டிகளின் உடலில் காட்டுவது கடினம் என்று நான் நினைக்கிறேன். இந்த இதழ்கள் நலிந்து பிடி தளர்வதற்குத்தான் லாமினைட்டிஸ் என்று பெயர். பிடி தளர்ந்ததும், பின்னாலிருந்து தசைநாண் இழுக்க, எலும்பு முன்புறச் சுவரிலிருந்து விலகிச் சாய்கிறது அல்லது மொத்தமாகக் கீழே இறங்குகிறது. அப்போது முன்புற விளிம்பிலுள்ள காம்புகள் நசுங்கி வளைகின்றன, அவற்றுக்கு வரும் இரத்தமும் குறைகிறது. குதிப்புறத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. வளையங்கள் விசிறியாவது இதனால்தான். ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் முன்நுனி மேல்நோக்கிச் சுருண்டு, பழைய அரேபியக் காலணி போலாகிவிடும். அந்த நிலையில் பார்த்துச் சொல்ல எவருடைய புலமையும் தேவையில்லை.

இந்த நோய் எவ்வளவு கொடியது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1973இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட் என்ற குதிரையை, 1989 அக்டோபரில் லாமினைட்டிஸ் காரணமாகவே கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. பணத்துக்கும் மருத்துவருக்கும் குறைவில்லாத இடத்தில் வாழ்ந்த குதிரை அது. வலி முற்றி, எலும்பு விலகிய பிறகு பணத்தால் செய்ய முடிவது கொஞ்சம்தான். அதனால் எல்லாமே எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்கிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது.

சீக்கிரம் கண்டுகொள்ள முடியும் என்று சொல்வதற்கு, நோயின் காரணம் பற்றிய அறிவு கடந்த இருபது ஆண்டுகளில் தலைகீழாக மாறியதே ஆதாரம். தானியத்தை அளவுமீறித் தின்ற குதிரை கால் மடங்கிப்போகும் என்பது பழைய அறிவு. கிரேக்கர்கள் பார்லியின் பெயராலேயே அந்த நோயை அழைத்தார்கள். வயிற்றில் புளித்த தானியத்தின் நஞ்சு இரத்தம் வழியாகக் குளம்புக்குப் போகிறது என்றே நெடுங்காலம் விளக்கம் சொல்லப்பட்டது. அப்படி நிகழ்வதும் உண்டு. ஆனால் 2007இல் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நோய் எதுவுமில்லாத ஆரோக்கியமான போனிகளுக்கு, இரத்தச் சர்க்கரை இயல்பு நிலையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, இன்சுலினை மட்டும் மிக உயர்ந்த அளவில் தொடர்ந்து செலுத்தினார்கள். மூன்று நாளுக்குள் இன்சுலின் பெற்ற அத்தனை போனிகளுக்கும் லாமினைட்டிஸ் வந்தது, பெறாதவற்றுக்கு வரவில்லை. 2010இல் பந்தய இனக் குதிரைகளிலும் அதே முடிவு கிடைத்தது. வயிற்றுக் கோளாறு, நஞ்சு, கால் அடி எதுவும் இல்லாமல், இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தாலே இதழ்கள் நீண்டு பலவீனமாகிவிடுகின்றன என்று அது காட்டியது. 2011இல் ஃபின்லாந்தில் லாமினைட்டிஸோடு மருத்துவமனைக்கு வந்த 36 குதிரைகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதுக்கு அடியில் இப்படிப்பட்ட ஹார்மோன் கோளாறு இருந்தது. கொழுத்த உடல், சர்க்கரைக்கு மட்டுமீறிய இன்சுலின் சுரப்பு, அல்லது வயதான குதிரைகளுக்கு வரும் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு, இவையே பெரும்பாலான லாமினைட்டிஸுக்கு வேர்.

இன்சுலின் வழியாக வரும் லாமினைட்டிஸ் எப்போதும் இடிபோல் இறங்குவதில்லை என்பதே என் வாதத்தின் மையம். பசும்புல் சர்க்கரை மிகும் ஒவ்வொரு பருவத்திலும் இதழ்கள் கொஞ்சம் நீளும். குதிரை இரண்டு நாள் தயங்கித் தயங்கி நடக்கும். சரளைக்கல்லில் காலை ஜாக்கிரதையாக வைக்கும். உரிமையாளர் சோம்பல் என்பார், லாடம் சரியில்லை என்பார். பருவம் மாறும், நடையும் திருந்திவிடும். எல்லோரும் மறந்துபோன அந்த இரண்டு நாளைக் குளம்பு மறப்பதில்லை. பல குதிரைகளில் முதல் தடவையாக லாமினைட்டிஸ் என்று கண்டுபிடிக்கும் நாளிலேயே விரிந்த வளையங்கள் ஏற்கெனவே சுவரில் இறங்கி வந்திருப்பதை மருத்துவர்கள் காண்கிறார்கள். அன்று முதல் தடவையாக வந்தது நாம் கவனித்த நொண்டல்தான். நோய் அதற்கு மாதங்கள் முன்னாலேயே குடிவந்துவிட்டது.

வளையம் கடந்தகாலத்தைத்தானே சொல்கிறது, போனதை அறிந்து என்ன பயன் என்று கேட்கலாம். போனது திரும்பி வரக்கூடியது என்பதுதான் பயன். சென்ற மழைக்காலத்தில் இதழ் நீண்ட குதிரைக்கு, அதே மேய்ச்சலும் அதே தவிடும் வெல்லமும் கிடைத்தால், இந்த மழைக்காலத்திலும் அது நீளும். ஒவ்வொரு முறையும் பிடி இன்னும் கொஞ்சம் தளரும். வளையம் பார்த்துக் காலம் கணித்து, அந்த மாதத்தில் தீனியில் என்ன மாறியது என்று கேட்டால் பெரும்பாலும் விடை உரிமையாளரிடமே இருக்கும். இளைத்தவனுக்கு எள்ளும் கொழுத்தவனுக்குக் கொள்ளும் என்று மனிதர்களுக்குப் பகுத்துச் சொல்லத் தெரிந்த நாம், கொழுத்த குதிரைக்கு மேலும் மேலும் கொட்டுவதை அன்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இந்த எண்ணம் நம் மண்ணில் பழையது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்குக் கடல்வழியாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அரபு, பாரசீகக் குதிரைகள் வந்து இறங்கின. ஓராண்டில் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன, குதிரை வைத்தியம் தெரிந்தவர் அங்கு இல்லை என்று மார்க்கோ போலோ எழுதினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸாஃப் இன்னும் விவரமாகச் சொல்கிறார்: வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பால் இவற்றைத் தீனியாகக் கொடுத்து, கயிற்றாலும் முளையாலும் நாற்பது நாள் லாயத்தில் கட்டிக் கொழுக்க வைத்தார்களாம்; வலிமையும் வேகமும் உள்ள குதிரைகள் சில காலத்தில் தளர்ந்து ஒன்றுக்கும் உதவாமல் போயினவாம். அவை லாமினைட்டிஸால்தான் போயின என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வெப்பமும் வேறு நோய்களும் இருந்தன. ஆனால் மாவுச்சத்து மிகுந்த தீனி, அசையாத கால், ஏறும் எடை என்று இன்றைய மருத்துவர் எச்சரிக்கும் மூன்றும் அந்த ஒரு வருணனையில் சேர்ந்து நிற்கின்றன. பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரைகளை அக்கறையினாலேயே வீணாக்கியிருக்கிறார்கள் என்று படிக்கும்போது மனம் கனக்கிறது.

மற்றோர் ஆட்சேபம் இதைவிட வலுவானது, அதற்குத் தலைவணங்கியே பதில் சொல்ல வேண்டும். விரிந்த வளையம் லாமினைட்டிஸுக்கு மட்டும் உரியதல்ல. பிறவியிலோ தசைநாண் சுருக்கத்தாலோ ஒரு கால் குத்துக்காலாக நின்றால், அதிலும் குதிப்புறம் வேகமாக வளர்ந்து வளையம் விரியும். முன்நுனியை நீளவிட்டு, குதியைத் தவறாகச் சீவும் பழக்கமும் சுவரின் கோணத்தைக் கெடுத்து வளையங்களை வளைக்கும். இவற்றை லாமினைட்டிஸ் என்று எண்ணி, நல்ல குதிரையைப் பட்டினி போட்டால் அதுவும் கொடுமைதான். எனவே தனி ஒரு குளம்பை வைத்து முடிவு கட்டக் கூடாது. குத்துக்கால் பெரும்பாலும் ஒற்றைக்காலில் இருக்கும்; லாமினைட்டிஸ் முன்கால் இரண்டையும் தொடும். காலைத் தூக்கி அடிப்பாதத்தைப் பார்த்தால், சுவருக்கும் அடிப்பாதத்துக்கும் இடையே ஓடும் வெள்ளைக் கோடு லாமினைட்டிஸில் முன்புறம் அகன்று, சில வேளை இரத்தம் கன்றிய செம்மையோடு தெரியும். கழுத்தின் மேல்விளிம்பில் கெட்டியான கொழுப்புத் திரட்சியும், விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாத உடலும் துணைச் சான்றுகள். இத்தனையும் ஒரே திசையைக் காட்டினால், மருத்துவரை அழைத்து எக்ஸ்ரே எடுக்கவும், சர்க்கரைப் பாகு கொடுத்து ஒரு மணி நேரத்துக்குப் பின் இரத்தத்தில் இன்சுலின் அளக்கவும் வேண்டிய நேரம் அது.

இரத்தச் சோதனையே இருக்கும்போது வளையத்தை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பாரும் உண்டு. சோதனைக்கு முன்னால் சந்தேகம் வேண்டும். சந்தேகம் வராத குதிரைக்கு எவரும் ஊசி குத்துவதில்லை. கடற்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைக்கும், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் குதிரைக்கும் இன்சுலின் சோதனை எட்டாத தூரம். குளம்பு எல்லோருக்கும் எட்டும். வளையம் நோயின் பெயரைச் சொல்லாது, எந்தச் சுரப்பி கெட்டது என்றும் சொல்லாது. எந்தக் குதிரையைச் சோதிக்க வேண்டும், எந்த மாதத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்பதைச் சொல்லும். ஒரு சான்றிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது தவறு, அதற்குக் குறைவாக மதிப்பதும் தவறு.

இணையாக ஓடும் வளையங்களும் சில வேளை பெரிய நோயின் அடையாளம் என்பதை ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. செலினியம் மிகுந்த மண்ணில் விளைந்த தீவனத்தைத் தின்னும் கால்நடைகளுக்கு, கெரட்டினில் கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் செலினியம் புகுந்து, விளிம்புக்குக் கீழே குளம்பைச் சுற்றி ஆழமான வெடிப்பு விழும்; பிடரி, வால் மயிரும் உதிரும். 1850களில் அமெரிக்காவின் டகோட்டா பகுதியில் ராண்டல் கோட்டைப் படைக் குதிரைகளின் குளம்புகள் கழன்றதை அங்கிருந்த இராணுவ மருத்துவர் பதிவு செய்தார். காரணம் செலினியம் என்று தெரிந்தது 1930களில். பஞ்சாபின் நவன்ஷஹர் வட்டாரத்தில் மாடும் எருமையும் இதே துன்பத்தை அனுபவித்திருக்கின்றன. அங்கே ஒரு குளம்பின் வளையம் ஒரு வட்டாரத்து மண்ணையே காட்டிக்கொடுக்கிறது.

இவ்வளவு சான்று தாங்கும் சுவரை, அழகுக்காக அரத்தால் மேலிருந்து கீழ்வரை தேய்த்து, எண்ணெய் பூசிப் பளபளப்பாக்கும் வழக்கம் இருக்கிறது. விற்பனைக்கோ கண்காட்சிக்கோ போகும் குதிரைக்கு இது சர்வசாதாரணம். லாடம் அடிப்பவர்களின் கைத்திறன் மேல் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. குளம்பை ஆறு வாரத்துக்கு ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கும் ஒரே மனிதர் அவர்தான், வளையம் விரிவதை முதலில் காணக்கூடியவரும் அவரே. அதனால்தான் அவரிடம் இதைக் கேட்கிறேன். கீழ்விளிம்பில் பிளவு தடுக்கத் தேய்ப்பது வேலையின் பகுதி. மேலே தேய்ப்பது ஈரத்தைக் காக்கும் வெளிப்படலத்தையும் போக்கி, ஓராண்டின் பதிவையும் அழிக்கிறது. வாங்குபவர்களும் ஒன்றை மனதில் வைக்கலாம்: தேய்த்த குளம்பில் வெளிவளையம் போனாலும், அடியிலுள்ள வெள்ளைக் கோட்டின் அகலத்தை அரம் எட்டாது.

மருந்தோ தீனி மாற்றமோ பலித்ததா என்று கேட்டாலும் விடை அதே விளிம்பிலிருந்துதான் வரும். வியன்னாவின் புகழ்பெற்ற லிப்பிஸானர் குதிரைகளுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமினைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1995இல் வெளியானது. குளம்பின் தரம் மேம்பட்டது, ஆனால் ஒன்பது மாதம் ஆன பிறகே வேறுபாடு தெளிவாயிற்று. பழைய கொம்பை எந்த மருந்தும் திருத்தாது. புதிதாக விளைவது மட்டுமே நல்லதாக வரும். லாமினைட்டிஸிலும் அப்படியே. தானியத்தை நிறுத்தி, உலர்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரையைக் கரைத்து வடித்துக் கொடுத்து, எடையைக் குறைத்து, லாடம் அடிப்பவர் முன்நுனியின் இழுப்பைக் குறைத்துச் சீவி வந்தால், இரண்டு, மூன்று மாதத்தில் மேல்விளிம்பின் கீழே விரல் அகலத்துக்கு ஒரு புதிய பட்டை தெரியும். அது பழைய சுவரைவிடச் செங்குத்தாக இறங்கும். அதன் வளையங்கள் முன்னும் பின்னும் ஒரே அகலத்தில் ஓடும். அதற்குக் கீழே பழைய விசிறி இன்னும் நிற்கும், மாதம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத் தரையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டைச் சுண்ணாம்பால் குறித்து, மாதம் ஒருமுறை அளந்து, தேதியோடு லாயத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.